நன்மை தீமை, பகல் 11.40 முதல்

தேதி மட்டும் போதாது, நேரமும் எழுது என்றார்
சத்துவாச்சாரி ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே
குடைக்குக் கீழே மேஜை போட்டிருந்தவர்.
"பதினொன்னு முப்பத்தொம்பதுக்கு
எவனையாவது இடிச்சிருந்தா
அது உன் கணக்கும்மா."

எழுதினேன்.
வெள்ளை ஸ்கூட்டர், ஒன்பது வருடம்,
வலப்பக்கக் கண்ணாடி கிடையாது.
இருபத்தொன்பதாம் படிவம் இரண்டு பிரதி,
முப்பதாம் படிவம்,
கடன் தீர்ந்தது என்று ஃபைனான்ஸ்காரன் தந்த தாள்
(அந்த ஒரு வரிக்குக் காட்பாடிக்கு நாலு நடை).
சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்து
பென்சிலால் தேய்த்தபோது
விலா எலும்பு மாதிரி ஒவ்வொன்றாக எழுந்து வந்தன எழுத்துகள்.
இத்தனை நாள் அதன்மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன்,
அதற்கு இப்படியொரு பெயர் இருப்பது தெரியாமல்.

*இன்று பகல் 11.40 மணி முதல்
மேற்படி வண்டியால் வரும்
நன்மை தீமை அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு.
சாவி இரண்டும் பெற்றுக்கொண்டேன்.*
கீழே, தீர்த்தகிரி, த/பெ. சின்னராசு, ஒடுகத்தூர்.
கையெழுத்தின் வால்
ரெவின்யூ ஸ்டாம்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.
"திங்கக்கெழம பேர் மாத்திட்டு போன் பண்றேங்க்கா."

சாவி இரண்டும் என்பது பொய்.
இன்னொன்று ஐப்பசியில்
மழைக்கோட்டுப் பையில் கிடைத்தது.

எத்தனையோ திங்கட்கிழமை போயிற்று.
போன் வரவில்லை. அபராதம் வந்தது, என் நம்பருக்கு.
பள்ளிகொண்டா, ஹெல்மெட் இல்லை, ஆயிரம் ரூபாய்.
படத்தில் அவன் முதுகு மட்டும்.
தையில் அணைக்கட்டு ரோடு, அதே குற்றம்.
பின்சீட்டில் ஒரு பெண், ஜடை முழுக்கக் கனகாம்பரம்.
திட்டலாம் என்று கூப்பிட்டால்
"கட்டிடறேங்க்கா" என்றான், கட்டவும் செய்தான்.
ஆவணியில் வந்த படத்தில்
அவள் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்.
முழங்கை வரை கண்ணாடி வளையல்.
வண்டி மெதுவாகத்தான் போயிருக்க வேண்டும்,
படத்தில் எதுவும் கலங்கவில்லை.

பிறகு ஒரே வாரத்தில் இரண்டு.
ஆற்காடு ரோடு, ஆஸ்பத்திரி வாசல், நோ பார்க்கிங்.
இரவு 2.10.
மறுநாளும் அதே இடம், விடிகாலை.
வண்டி நகரவே இல்லை போல.

போதும் என்று
புதிதாகப் பூர்த்தி செய்த படிவங்களைக் கவரில் போட்டுக்கொண்டு போனேன்.
இங்கேயே சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம்.
போனால், போலீஸ் லாரி நிற்கிறது.
கொக்கியை இறக்கிக்கொண்டிருந்தவர் கேட்டார்,
"யாருதும்மா இது?"

"என்னுது."

சட்டப்படி அதில் ஒரு எழுத்து பொய்யில்லை.

மழைக்கோட்டுச் சாவி திரும்பியது.
என்னிடம் இருந்தவரை
ஐந்து உதை வாங்காமல் உறுமாத கழுதை
ஒரே அழுத்தில் எழுந்துகொண்டது. சர்வீஸ் செய்திருக்கிறான்.
கிழிந்த சீட்டுக்குப் புது உறை.
கொக்கியில் ஒரு பை, அதில்
ஃப்ளாஸ்க், பிஸ்கட், விலைச்சீட்டு கிழிக்காத சின்னத் துண்டு.
ஃபில்டர்பெட் ரோட்டு ஸ்டாண்டில் விட்டு
டோக்கன் வாங்கினேன்.
எந்த ஸ்டாண்டு, எந்த வரிசை என்று
இருபத்தொன்பதாம் படிவத்தின் பின்புறம்
எழுதத் தொடங்கும்போது போன்.

"அக்கா, வண்டியக் காணோம்க்கா.
உம்பேர்லதான் கீதாம், நீதான் கம்ப்ளைன்ட் குடுக்கணுமாம் ஸ்டேஷன்ல.
ஆதார் எட்த்துனு வர்றியாக்கா?"

அவன் குரலுக்குப் பின்னால்
வார்டு மணி, யாரோ பெயர் கூப்பிடுவது,
அதற்கும் பின்னால்
இழுத்து இழுத்து ஒரு அழுகை,
இன்னும் அழப் பழகாதது.

"என்ன கொழந்த?" என்றேன்.

"வண்டிக்கா" என்றான்,
"வண்டியக் காணோம்னு சொல்றேன்."