பற்று

அருமனைச் சந்தியில் இப்போது
கிருபை மெடிக்கல்ஸ் நிற்கிற இடத்தில்
அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார்.
ரப்பர் வெட்டப் போகிறவர்கள்
விடியுமுன், மூன்று மணிக்கே
தலைவிளக்கோடு வந்து நிற்பார்கள்.
சீனி தூக்கலாய் ஒரு கட்டன் சாயா, ஒரு கட்டு பீடி.
மழை பிடித்தால் வெட்டு கிடையாது.
வெட்டு இல்லாத நாளில்தான்
பீடி கூடுதல் போகும்.

நீள நோட்டில் அப்பாவின் சரிந்த எழுத்து:
தங்கையன் – பீடி 2, சாயா 4, முந்திரிக்கொத்து கால் கிலோ.
முந்திரிக்கொத்து பிள்ளைகளுக்கு.
சனிக்கிழமை கூலி வாங்கினால்
வெறுங்கையோடு வீடேற மாட்டார் மனுஷன்.
அப்பா பீடி தொட்டதே இல்லை.
சாயாவும் சீனி போடாமல்தான்.
சொந்தச் சரக்கில் கை வைக்கிறவன்
கடை நடத்த லாயக்கில்லை என்பார்.
அந்த நோட்டுதான் என்னை
டி.பார்ம் படிக்க வைத்தது.

கால்விரல் இரண்டு போய்,
பிறகு முட்டுவரை போய்,
தங்கையனே போனபோது
அடக்கத்துக்கு வந்த கூட்டத்தின் முன்னால்
அப்பா அவருடைய பக்கத்தைக் கிழித்துப் போட்டார்.
முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்.
ஊர் இன்னும் அதைச் சொல்லி மெச்சுகிறது.

நேற்று ராத்திரி ஷட்டர் இறக்கப்போகையில்
தங்கையன் மகன் ஜெபசிங்.
டெம்போ உறுமிக்கொண்டே நின்றது.
"அட்டை முழுசா வேண்டாம் ஓய்,
அஞ்செண்ணம் வெட்டித் தாரும்."
குழித்துறை ஆஸ்பத்திரியில் இதே மாத்திரை ஓசி.
வரிசையில் நின்றால் ஒருநாள் ஓட்டம் போச்சு.
ஆக, ஓசி மாத்திரை எண்ணூறு ரூபாய்,
என் மாத்திரை பதினாலு.
அவர் கணக்கில் பிழை இல்லை.

கத்தரியால் வெட்டினேன்.
காலாவதித் தேதி இருந்த பாதி
என் பக்கம் நின்றுவிட்டது.

மகளும் கூட வந்திருந்தாள், ஒன்பதோ பத்தோ.
பின்கழுத்து மடிப்பில் கறுப்பு;
அழுக்கென்று யாரோ நார் போட்டுத் தேய்த்து
ஓரம் சிவந்திருந்தது.
அது அழுக்கில்லை. எனக்குத் தெரியும்.
சொல்ல வாயெடுத்தேன்.
டெம்போவுக்குப் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

பதினைந்தில் பதினாலு போக ஒரு ரூபாய்.
சில்லறை இல்லை.
எப்போதும்போல் பரணி மூடியைத் திருகி
ஒரு முட்டாய் எடுத்து
அவள் கையில் வைத்தேன்.

சிவப்பு நாக்கை நீட்டி
அப்பாவிடம் காட்டிக்கொண்டே
வண்டியில் ஏறினாள்.