இருநூற்றைம்பது அட்டைகள்

அச்சகக்காரி கேட்டாள்:
பெயர் ஒரு வரியிலா, இரண்டு வரியிலா?
குணாளதாசன் சிவபாதம் என்றேன்.
பென்சில் முனையால் எண்ணிப் பார்த்தாள்.
அட்டையை விட உங்கள் பெயர் நீளம், ஐயா.
எழுத்தைச் சிறிதாக்கலாம்
இல்லையென்றால் சைக்கிள் படத்தைச் சிறிதாக்கலாம்.

சைக்கிளைச் சிறிதாக்குங்கோ.

நாலு வருடம் இந்த ரூவான் நகரத்து மழையில்
நான் யூனுஸ்.
செயலியில் அவன் படம், அவன் தாடி,
என் கால் மிதித்துச் சேர்த்த அவனுடைய நட்சத்திரங்கள்.
கிழமைக்கு எண்பது ஈரோ.
ஊருலகம் வீட்டுக்கு வாடகை கொடுக்கும்,
நான் பெயருக்குக் கொடுத்தேன்.
ஒழுகாத பெயர்தான், குறை சொல்ல ஏலாது.

கதவைத் திறப்பார்கள்.
படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள்,
பிறகு சூப்பைப் பார்ப்பார்கள்.
மெர்சி, யூனுஸ்.
படியிறங்கும்போது அவனுக்காக
ஒரு தரம் தலையாட்டிவிட்டு வருவேன்.

சந்தைக்குள் யாரோ யாரையோ
யூனுஸ் என்று கூப்பிட
பிரேக் பிடித்தவன் நான்.
பிரிபெக்சரில் என் பெயரை,
அல்லது அதற்குத் தூரத்துச் சொந்தமான ஏதோ ஒன்றை,
மூன்று தரம் கூப்பிட்டார்கள்.
பக்கத்துக் கதிரைப் பெண் முழங்கையால் இடித்தபிறகுதான்
எழும்பினேன்.

இப்போது விசா இருக்கிறது.
பதினாலு இலக்கத்தில் பதிவு எண் இருக்கிறது.
வரி சொந்தமாய், விபத்து சொந்தமாய்,
தடிமனும் சொந்தமாய்.

அட்டையில் இப்படி:
பெயர். தொலைபேசி. சுயாதீன உணவு விநியோகம்.
கீழே, மேட்டுத் தெருக்களுக்கும் வருவேன்.
அது தேவையா என்றாள்.
உங்களுக்கு அந்த மேடு தெரியாது, மதாம்.
பின்பக்கம் தமிழில் பெயர் போடச் சொன்னேன்.
இதை யார் வாசிப்பார்கள்?
பின்பக்கம் சும்மாதானே கிடக்குது.

குர்திஷ்காரரின் கடையில்
குழாய் திருத்துபவருக்கும் பூட்டுத் திறப்பவருக்கும் கீழே
ஒரு காந்தத்தின் பிடியில் நிற்கிறேன்.
வியட்நாம் கடையில் ஆடிய மேசைக்கு
நாலாய் மடிந்து முட்டுக் கொடுக்கிறேன்.
மேசை இப்போது ஆடுவதில்லை, பார்த்தேன்.
மழையில் மை கரையாது என்றிருந்தாள், கரையவில்லை.
சீட்டில் காய்ந்திருந்த புறா எச்சத்தை
ஓர் அட்டையால் சுரண்டினேன்.
என் பெயர் நன்றாகச் சுரண்டுகிறது.

யூனுஸுக்கும் ஒன்று கொடுத்தேன்.
இப்போது பஸ் ஓட்டுகிறான், தாடி இல்லை.
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துச் சொன்னான்:
நல்ல பெயர்.
கிழமைக்கு எவ்வளவுக்கு விடுவாய்?
இரண்டு பேரும் சிரித்தோம்.
இரவு படுக்கையில்
நான் கணக்குப் பார்த்தேன்.

பன்னிரண்டு நாள் தொலைபேசி அடிக்கவில்லை.
செயலி மட்டும் கிணுகிணுத்தது,
அதற்கு என் அட்டை தேவையில்லை.
பதின்மூன்றாம் நாள், செவ்வாய், இரவு ஒன்பதரை.
பாலத்தடியில் சங்கிலியைக் கொழுவிக்கொண்டிருந்தேன்,
விரலெல்லாம் கிறீஸ்.
ஒரு பெண் குரல், அட்டையைக் கையில் வைத்திருக்கிறாள் போல.
கு...
கு... நா...
லா...
ஏணியில் ஏறுகிறவள் மாதிரி நின்றாள், மூச்சு வாங்கினாள்.

யூனுஸ்தானே?

செயின் நதியில் ஒரு மணல் படகு
விளக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
அது பாலத்தைக் கடக்கும் வரை பேசாமல் இருந்தேன்.

ஓம், நான்தான்.

ஆறாவது மாடி, லிஃப்ட்...

வேலை செய்யாது. தெரியும், மதாம்.
சூப் என்றால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வருவேன்.