அத்தியாவசியமற்றது

குளூட்டமின் குப்பியை உறைபெட்டியிலிருந்து எடுத்தால்
அடியில் வெள்ளையாய் ஒரு படிவு.
புதிதாக வேலைக்கு வந்தவர்கள்
கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள்.
கெடவில்லை.
உள்ளங்கையில் வைத்து உருட்டினால்,
வெந்நீர்த் தொட்டியில் கொஞ்சம் நிறுத்தினால்
கரைந்துவிடும்,
சீனி கரைவதுபோல், சொல்லாமல்.

மொந்தேவிதேயோவில் ஆகஸ்ட் மாதம்.
தென்கிழக்குக் காற்று
ஆற்றைத் தூக்கிச் சாலையில் எறிகிறது.
ஆறு என்றுதான் சொல்கிறோம், மறுகரையைக் கண்டவரில்லை.
மாட்டுக் கோமாரிக்குத் தடுப்பூசி செய்யும் கட்டடம்,
மூன்றாம் மாடி, இரவு முறை.
என் பொறுப்பில் நாற்பது குடுவைகள்.
எல்லாவற்றிலும் ஒரே ஹாம்ஸ்டர் குட்டியின் சிறுநீரக செல்கள்.
குட்டி செத்துப் பதினான்கு வருடமாகிறது.
செல்களுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

இரண்டு மணிக்கு நுண்ணோக்கியில் பார்த்தேன்.
கண்ணாடியைப் பற்றிக்கொண்டு நீண்டு கிடந்தவை
உருண்டு, கைவிட்டு
மிதந்துகொண்டிருந்தன.
சர்க்கரை இருந்தது. உப்பு சரி. சூடு சரி.
ஊடகத்தின் நிறம்கூட ஒழுங்காய்ச் சிவப்பு.
புட்டியைத் திருப்பினேன்:
வாஷிங்டன் பீரிஸின் கோழிக் கிறுக்கலில்
ஜூன் மூன்று.

கரைசலில் குளூட்டமின் காத்திருக்காது.
யாரும் தொடாவிட்டாலும் நாளாக நாளாக
தன் வாலைத் தானே கவ்வி வளையமாகிவிடும்.
கவ்வும்போது வாயிலிருந்து அமோனியா உதிரும்.
ஊட்டமாய் வந்தது
அதே புட்டியில், அதே மூடிக்குள்
நஞ்சாக உட்கார்ந்திருக்கும்.

சுவரில் ஒரு பட்டியல், எண்ணெய்க் கறையோடு:
அத்தியாவசிய அமினோ அமிலங்கள்.
அதில் இதன் பெயர் கிடையாது.
உடலுக்குள் இருக்கும்வரை யார் கேட்டார்கள் இதை?
தொடைத் தசை பாட்டுக்குச் செய்து
ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்.
குடல் தின்னும். சிறுநீரகம் எடுத்துக்கொள்ளும்.
கணக்கு எழுதுவாரில்லை.
பிய்த்தெடுத்துக் கண்ணாடிக்குள் போட்ட பிறகுதான்
தெரிகிறது.
இதன் ஒரு நைட்ரஜன் இல்லாமல்
மரபின் ஓர் எழுத்தைக்கூட எழுத முடியவில்லை.
சவ்வு கட்டவென்று உருவப்பட்ட கார்பனுக்கு ஈடாக
மைட்டோகாண்ட்ரியாவின் சக்கரத்துக்குள்
பக்கவாசலில் நுழைந்து
ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததும் இதுதான்.

சனிக்கிழமைதோறும் சிறைவாசலில் வரிசையில் நிற்கிறேன்.
அங்கேயும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள்:
மாத்தே இலை ஒரு கிலோ, சோப்பு இரண்டு, காலுறை, உள்சட்டை.
எல்லாம் கொடுக்கிறேன்.
தம்பி லீபெர் ஒவ்வொரு தரமும் மெலிந்தே வருகிறான்,
கம்பிக்கு அந்தப் பக்கம்.
போன கடிதத்தில், ஒரு பக்கம்தான் அனுமதி,
பாதியை வீணடித்துக் கேட்டிருந்தான்:
கார்னெல்லி வீட்டு நாய்
இன்னும் பேருந்தைத் துரத்துகிறதா?
கடிதம் வந்து சேர ஐந்து வாரம்.
நான் பதில் போடவில்லை.
இதையெல்லாம் போய் எழுதுவதா என்று.

பழைய ஊடகத்தை உறிஞ்சி எடுத்தேன்.
புதிய குப்பி, லிட்டருக்கு இரண்டு மில்லிமோல்.
பிப்பெட்டில் கோடு இருக்கிறது,
இரக்கப்பட்டு அதைத் தாண்டக் கூடாது;
மிச்சமாவதும் அமோனியாதான்.
மிதந்தவை போய்விட்டன.
ஒட்டியிருந்தவற்றுக்கு ஊற்றினேன், நாற்பது தடவை,
ஒவ்வொரு மூடியிலும் தேதி எழுதி.

ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகாமல்
கார்னெல்லி வீட்டு முனையில் நின்றேன்.
காற்று கோட்டுக்குள் புகுந்து தேடியது.
ரொட்டிக் கடைக்காரர் இரண்டு முறை எட்டிப்பார்த்தார்.
முதல் பேருந்து போயிற்று. ஒன்றுமில்லை.
இரண்டாவது போயிற்று.

மூன்றாவதுக்கு
வேலியின் கீழிருந்து ஒரு பழுப்பு உருண்டை,
ஒரு காது மடங்கி,
பின்சக்கரத்தைக் கடித்தே தீர்வதென்று.
மருந்துக்கடை வரைக்கும்தான் ஓடியது,
வயசாகிவிட்டது அதற்கும்.

ரொட்டிக் கடையில் காகிதம் வாங்கினேன்.
கைவிரல் இன்னும் விறைத்திருந்தது.
முதலில் தேதி.