வெற்றுத் தாள்

ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும், விட்டுடாதீங்க
என்கிறாள் கருவி பார்க்கும் பெண்.
தம்பியின் வாயில் அட்டைக் குழாய்,
மூக்கில் நீலக் கிளிப்.
கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரி, அறை எண் பதினேழு.
திரையில் கோடு ஏறி
ஏறிய வேகத்தில் படுத்துக்கொள்கிறது.
மூன்று தடவை ஊத வேண்டும்,
இருப்பதில் நல்லதை எடுத்துக்கொள்வார்களாம்.
மூன்றையும் பார்த்துவிட்டு
அவள் பேனாவை மூடி, மறுபடி திறந்தாள்.

என் வேலை இதற்கு நேர் எதிர்.
தென்முனைப் பனியில் பதினான்கு மாதம்
கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்தேன்.
காற்று எங்கிருந்து வருகிறதோ
அதற்கு எதிரே இருபது எட்டு நடந்து,
நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கி,
குடுவையைத் தலைக்கு மேல் தூக்கித் திருகைத் திறக்க வேண்டும்.
உஸ்ஸென்று ஒரு சத்தம்.
மூடி நகரும்வரை மூச்சு விடக் கூடாது.
விட்டால் என் நெஞ்சின் கரியமில வாயு
உலகத்தின் கணக்கில் ஏறிவிடும்.
கையுறைக்குள் விரல்கள் எண்ணும்
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

துகளுக்கு வேறு ஏற்பாடு, வடிகட்டித் தாள்.
பம்பு ஏழு நாள் இழுத்தாலும்
தாள் வெள்ளையாகவே இருக்கும்.
கடல் உப்பு, பாசி விட்ட கந்தகம்,
எந்தக் கண்டத்துக் காடு எரிந்ததோ அதன் கரி,
ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால்
அதில் சில பங்கு.
ஜெனரேட்டர் பக்கமிருந்து காற்று திரும்பினால்
பம்பு தானே நின்றுவிடும்.
அந்தப் புகை எங்களுடையது.

வரிசையில் காத்திருந்தபோது இதைச் சொன்னேன்.
"தானாவே நின்னுடுமா?" என்றான் திம்மராயன்.
ஜெகதேவியில் கல்லறுக்கும் பட்டறை, பத்தொன்பது வருஷம்.
தண்ணீர் வராத நாளிலும் அங்கே வாள் நிற்காது.
"அங்கயும் கல்லு இருக்குதா அக்கா?"
இருக்கிறது. நம்ம ஊர்ப் பாறையும் அதுவும்
ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தவையாம்.
"பிளாக் எடுத்தா என்ன சைஸ் வரும்?"
அவனே சிரித்தான்.
இருமல் வந்து மிச்சச் சிரிப்பை எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தாள் மட்டும்
பம்பைப் பார்க்காது.
மற்றவையோடு கப்பலேறும்,
சட்டத்தில் மாட்டிக் கழற்றப்படும்,
மற்றவையோடு திரும்பி வரும்.
கைபட்டதால் ஏறிய அழுக்கு எவ்வளவென்று
அது சொல்லும். அதைக் கழித்துவிட்டால்
மீதி, காற்றில் இருந்தது.

இவனுக்கு எதைக் கழிப்பது?
பட்டறைக்குப் போகாத இன்னொரு திம்மராயன்
எந்தப் பெட்டியிலும் இல்லை.
ஒரே வீட்டுக் களி தின்று
ஒரே அம்மை போட்டு எழுந்து
பம்பைப் பார்க்காமல் திரும்பி வந்தவள்
நான்தானோ என்று ஒரு நிமிடம் தோன்றியது.
ஆனால் என் கல்லூரி ரசீதுகள் நான்கிலும்
பணம் கட்டியவர் என்ற இடத்தில்
அவன் கையெழுத்து.
அப்போது அவனுக்குப் பதினாறு.
ழகரக் கொம்பு போல
அந்தக் கையெழுத்தின் கடைசியில் ஒரு சுழி.

சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி.
மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று.
தூசி பட்டால் ஒத்துக்காது, வேலையை மாத்திக்குங்க
என்றார் டாக்டர். சரிங்க என்றான்.
வாசலில், "நாளைக்கு ரெண்டு லோடு இருக்கு" என்றான்.

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன்.
பர்கூர் தாண்டி மண்பாதையில் திரும்பியதும்
தார்ப்பாய் போடாத லாரியொன்று முன்னால் போனது.
எல்லாம் வெள்ளை. அங்கே பனி வீசும்போதுகூட
இவ்வளவு வெள்ளை கிடையாது.
பழக்கதோஷம், மூச்சை அடக்கினேன்.
அவன் முதுகில் சாய்ந்திருந்த என் கைக்குத் தெரிந்தது,
அவனும் அடக்கியிருக்கிறான்.
எண்ண ஆரம்பித்தேன்.

பதினொன்றில்
அந்த முதுகு அசைந்தது.