இரண்டு கட்டங்கள்

வடகாற்று எழுந்தால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள்.
படகு கிடையாது. ஹெலிகாப்டர் கிடையாது.
சிலோவே தீவின் இந்தக் கோடியில்
மழைக்கும் எனக்கும்தான் அன்று இரவுப் பணி.

மாலை ஐந்து மணிக்கு எலியேசரைக் கொண்டுவந்தார்கள்.
சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன். இருபத்தாறு வயது.
வலையடியில் செத்துக்கிடக்கும் மீன்களை அள்ள
ஒரே நாளில் ஆறு முறை இறங்கியிருக்கிறான்,
ஆறாவது முறை அவசரமாக ஏறிவிட்டான்.
இரத்தத்தில் குமிழிகள்.
இடுப்புக்குக் கீழே உடம்பு பேச்சை நிறுத்திவிட்டது.
ரப்பர் உடையை நான் கத்தரித்தபோது
"ஐயோ, அது கம்பெனியுடையது,
சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்றான்.

அழுத்த அறை இருப்பது கால்வாய்க்கு அப்பால்.
அதுவரை மல்லாந்து கிடக்க வேண்டும்.
முகமூடி நிறைய ஆக்சிஜன், நரம்பில் உப்புநீர்,
மணிக்கொரு முறை ஊசியோடு நான்.

கட்டைவிரல், தெரிகிறதா? இல்லை.
பாதம்? இல்லை.
முழங்கால்?
கூரையைப் பார்த்துக்கொண்டே, இல்லை.
படிவத்தில் இரண்டே கட்டங்கள், ஆம், இல்லை.
ஒரு கட்டத்தில் மட்டும் மை தீர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த கட்டிலில் ரோசமேல் நாவெல்கின்.
இடது குதிகாலில் புண், பதினோரு வருடமாக.
அவனை யாரும் தூக்கி வருவதில்லை,
வானொலியும் மாத்தே குவளையும் பையில் போட்டு
அவனே வருவான், வாடகைக்கு வருகிறவன் மாதிரி.
எந்தக் குழாய் சொட்டும்,
எந்த நர்ஸின் விரல் குளிரும்,
எல்லாம் தெரியும் அவனுக்கு.
தலையணைக்கடியில் உருளைக்கிழங்கு ரொட்டி இருப்பது
எனக்குத் தெரியாதென்று நினைக்கிறான்.
அவன் இரத்தம் தினமும் காலையில்
என்னிடம் கோள் சொல்லிவிடுகிறது.

பயிற்சிப் பள்ளியில் இவை இரண்டு தனிப் பாடங்கள்.
திடீர் நோய்க்கு முன்வரிசைக்கு அடிதடி.
நாள்பட்ட நோய் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு,
பாதிப் பேர் தூங்கினோம்.
ஒருவனுக்கு ஓட வேண்டும்,
இன்னொருவனுக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்று
யாரோ சொன்னது ஞாபகம்.
ஒரே இரவில், ஒரே காலணியோடு
இரண்டையும் எப்படிச் செய்வதென்று சொல்லவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு
ரோசமேலின் பாதத்தையும் அதே முறையில் பார்த்தேன்.
தெரிகிறதா? இல்லை.
தெரிகிறதா? இல்லை, யோபானா, நீ தூங்கப் போ.

முகமூடிக்குள்ளிருந்து எலியேசரின் குரல்.
"உங்களுக்கும் தெரியாதா?
அப்புறம் எப்படி நடக்கிறீர்கள்?"

"குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பேன்.
ஒருமுறை பூட்ஸுக்குள் ஆணி இருந்தது.
மூன்று நாள் அதோடு சந்தைக்குப் போய்வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில்
அவன் வானொலியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன்.
பயந்து கிடப்பவனிடம் சொல்லும் பேச்சா இது?
திரும்பிப் பார்த்தால்
எலியேசர் சிரித்துக்கொண்டிருந்தான்,
முகமூடி முழுக்க ஆவி படியும்படி.
பிறகு அழுதான். அதற்கும் அதே ஆவி.

நான்கு மணிக்கு ஊசி.
இடது கட்டைவிரல், தெரிகிறதா?
வெகுநேரம் பதில் இல்லை.
ஜன்னலைக் காற்று உலுக்கியது.
"ஏதோ" என்றான்.
வலியா? "இல்லை. ஏதோ."

ஏதோ என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
நேரத்தோடு எழுதிவைத்தேன்.
அது ஆசையா, அவனுடையதா, என்னுடையதா,
மருத்துவரிடம் சொல்ல முடியாது.

ஏழு மணிக்குத் துறைமுகம் திறந்தது.
தாளை அவன் மார்பின்மேல் வைத்துக் கட்டி
ஆம்புலன்ஸில் ஏற்றினோம். யாருக்கும் பேச நேரமில்லை.

ரோசமேலின் கட்டு காத்திருந்தது.
புண்ணோடு ஒட்டியிருந்தது துணி.
இழுக்கக் கூடாது. உப்புநீரை விட்டுவிட்டு
அதுவாக விடும்வரை உட்கார வேண்டும்.
உட்கார்ந்தேன்.

"படகு கிளம்பிவிட்டதா?" என்றான்.
ஜன்னல் அவன் பக்கம்தான் இருந்தது.
ஆனாலும் என்னைக் கேட்டான்.
இன்னும் கொஞ்சம் உப்புநீர் விட்டேன்.