குடிக்காத தாள்

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில்
ஜவ்வரிசி மூட்டைக்கு லேபிள் வெட்டியது போக
மிஞ்சும் துண்டுகளை
எடைக்குப் போடாமல் எடுத்துவைப்பார் இருசப்பன்.
வெள்ளை. வழவழப்பு.
கிழித்துப் பார் என்பார், கிழியாது.
மரக்கூழ் ஒரு சிட்டிகை கிடையாதாம்,
முழுக்க பிளாஸ்டிக்.
"குடிக்காத ஆள நம்பலாம் தாயி,
குடிக்காத தாள வெச்சு என்ன பண்ணுவ?"

மரம் வரைவேன் என்றதற்கு
மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மாதத்தில் ஒரு நாள் மின்தடை.
அன்றைக்கு எனக்கு ஏற்காடு.
கடைசி வளைவில் காதடைப்பு விட்டு
பஸ் சத்தம் சட்டென்று பெரிதாகும்.
நாகலூர் சாலையில் காப்பித் தோட்ட வேலியோரம்
பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தால்
எதிரே சில்வர் ஓக்,
அதன் இடுப்புவரை மிளகுக்கொடி.

பருத்தித் தாளில் பழகிய கைக்கு
இது வழுக்குப்பாறை.
ஒரு சொட்டுப் பச்சை வைத்தால்
உள்ளே இறங்காது.
பெண் பார்க்க வந்தவன் போல
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும்.
பிறகு தன் எடைக்குத் தானே நகர்ந்து
பக்கத்துச் சொட்டின் தோளில் இடித்து
கலக்காமல்
நடுவே ஒரு வெள்ளைக் கோடு விட்டு நிற்கும்.
அந்தக் கோடுதான் நரம்பு.
நானாக வரைந்த நரம்பு எதுவும்
அவ்வளவு சரியாக வந்ததில்லை.

தண்டு கோணினால்
ஈரத் துணியால் ஓர் இழுப்பு.
செம்மண் நிறம் சொன்ன பேச்சு கேட்டு வந்துவிடும்.
நீலம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.
அடர்பச்சை மட்டும் போகவே போகாது.
எட்டு மரம் அழித்தேன்.
எட்டின் கறையும் சேர்ந்து
ஒன்பதாவதின் பின்னால்
கேட்காமலே ஒரு காடு.

பத்தரைக்கு மேகம் இறங்கியது.
அது எதிரிலிருந்த மரத்தை
உச்சியிலிருந்து தொடங்கி
அவசரமில்லாமல் துடைத்தது,
என்னைவிடச் சுத்தமாக.
ஒரு பச்சைக் கறைகூட இல்லை.

நிழல் கழிக்கிற பெரியதம்பி
கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.
"இந்தக் கெளைய போன வாரம் வெட்டிப்போட்டனே.
நீங்க திரும்ப வெச்சிருக்கீங்க."
பார்க்காமல் பழக்கத்தில் வைத்த கிளை.
துணியை எடுத்தேன்.
"இருக்கட்டும் விடுங்க,
அடுத்த மழைக்கு எப்படியும் வரும்,
மறுபடி எனக்குத்தான் வேலை."

மூன்று மணி பஸ்சுக்கும் சாயம் காயவில்லை.
மடியில் ஏந்திக்கொண்டு வந்தேன், பால் கிண்ணம் போல.
இடது வளைவில் இலையெல்லாம் வலதுக்கு ஓடும்,
வலதில் இடதுக்கு.
காற்று எப்படி வரைவதென்று
நான்கு வருடமாகத் தெரியாமல் இருந்தேன்.
"கண்ணாடியாம்மா அது?" என்றார் கண்டக்டர்
சில்லறையை நீட்டியபடி.
அடிவாரத்தில் சேலத்து வெயில் ஏறி உட்கார்ந்தது.
ஐந்தே நிமிடம்.
கடைசியாக எந்தப் பக்கம் சாய்ந்தனவோ
அந்தப் பக்கமே காய்ந்துபோயின.

மறுநாள் காலை இருசப்பன்
தாள் எண்ணுகிற பழக்கத்தில்
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
படத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.
ஓர் இலை கழன்று விரலோடு வந்துவிட்டது.
விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அய்யய்யோ" என்றார் சின்னதாக,
அடுத்த நொடி மெஷின் கூப்பிட்டது.

சோலாப்பூர் போகிற கட்டில்
மேலிருந்து மூன்றாவது லேபிள்,
நிகர எடை தொண்ணூறு கிலோ என்ற வரிக்குப் பக்கத்தில்
ரேகை நரம்போடு
பச்சையாக ஒன்று.
நான் சரிபார்த்து
கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.