திருத்த வரலாறு

மண்டபம் ஐஸ் பிளாண்டில் இரவுப் பணி.
யாரும் எழுதலாம் என்கிற கலைக்களஞ்சியத்தில்
எங்கள் ஊரைத் திறந்தேன்.
‘கடலோரம் நன்னீர் ஊற்று உண்டு.’
பக்கத்தில் பொடி எழுத்து: சான்று தேவை.

நன்னீரை ஒருவர் உவர்நீர் ஆக்கியிருக்கிறார்.
இன்னொருவர் திரும்ப நன்னீர்.
பதினோரு முறை.
நடுவில் ஒரு கெட்ட வார்த்தை,
மூன்றே நிமிட ஆயுள்.

எவன் புளுகன் என்று தேதிகளைப் பார்த்தேன்.
நன்னீரெல்லாம் நவம்பர், டிசம்பர்.
உவரெல்லாம் மே.

மாதத்தையும் சேர்த்து எழுதிச் சேமித்தேன்.
மேற்கோள் கட்டம் காலியாக நின்றது.
செய்யதம்மாள் லாத்தா குடத்தில் ஊற்றுமுன்
சிரட்டைத் தண்ணீரை நுனிநாக்கில் வைப்பாள்;
அது எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

விடிவதற்குள் நீக்கிவிட்டார்கள்.
முறைதான்.
நானாக இருந்தாலும் நீக்கியிருப்பேன்.